நிறுத்திய பிறகும் ஆறாத அணு உலை: எஞ்சிய வெப்பத்தை எப்படி வெளியேற்றுகிறார்கள்?

மலர்விழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். உக்ரைனில் உள்ள ஸாப்போரீஷியா அணுமின் நிலையத்தின் ஆறு உலைகளும் 2022 செப்டம்பருக்குப் பிறகு ஒரு யூனிட் மின்சாரம்கூடக் கட்டமைப்புக்குத் தரவில்லை. ஆனாலும் அந்த நிலையத்துக்கு வெளியிலிருந்து வரும் மின்தடம் போரில் அறுந்துபோகும் ஒவ்வொரு முறையும் பன்னாட்டு அணுசக்தி முகமை கவலையோடு அறிக்கை வெளியிடுகிறது. 2023 ஜூனில் ககோவ்கா அணை உடைந்து, நிலையத்துக்கு நீர் தந்த நீர்த்தேக்கம் வற்றியபோது, வளாகத்துக்குள்ளேயே கிணறுகள் தோண்டித் தண்ணீர் எடுத்தார்கள். மின்சாரமே தயாரிக்காத உலைக்கு மின்சாரமும் தண்ணீரும் எதற்கு என்று என் பதினோராம் வகுப்பு மாணவர்கள் கேட்டார்கள். அணு மின்சாரத்தின் பாதுகாப்பைப் பற்றிக் கேட்கத்தக்க முதல் கேள்வி அதுவே என்று நான் நினைப்பதால், இந்த இழையைத் தொடங்குகிறேன்.

பொதுவெளியில் இரண்டு வாதங்கள்தாம் திரும்பத் திரும்ப ஒலிக்கின்றன. உலை அணுகுண்டு போல வெடித்துவிடும் என்பது ஒன்று. ஆபத்து என்று தெரிந்தால் சில நொடிகளில் உலையை நிறுத்திவிடலாம், ஆகவே அஞ்சத் தேவையில்லை என்பது மற்றொன்று. முதலாவது இயற்பியலுக்குப் பொருந்தாது. மின் உலையில் உள்ள யுரேனியத்தின் செறிவு அணுகுண்டுக்குப் போதாது. இரண்டாவது பாதி உண்மை. கட்டுப்பாட்டுத் தண்டுகள் உள்ளே இறங்கியதும் அவை நியூட்ரான்களை விழுங்கிக்கொள்வதால் அணுக்கருப் பிளவுத் தொடர்வினை நின்றுவிடும் என்பது சரிதான். ஆனால், அதுவரை நடந்த பிளவுகளில் பிறந்த அயோடின், சீசியம், ஸ்ட்ரான்சியம் போன்ற கதிரியக்கத் துணுக்குகள் எரிபொருள் கோல்களுக்குள்ளேயே இருக்கின்றன. அவை தம் போக்கில் சிதைந்துகொண்டும், சிதையும்போது வெப்பத்தை வெளிவிட்டுக்கொண்டும் இருக்கும். அந்தச் சிதைவை நிறுத்துவதற்கு எந்தத் தண்டாலும் எந்தப் பொத்தானாலும் முடியாது.

கூடங்குளத்தில் இயங்கும் இரண்டு உலைகளும் ஸாப்போரீஷியாவில் உள்ளவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தவை. ரஷ்ய வடிவமைப்பிலான விவிஇஆர்-1000 வகை அழுத்த நீர் உலைகள். ஓர் உலையின் வெப்பத் திறன் 3,000 மெகாவாட். அதில் ஏறத்தாழ 1,000 மெகாவாட் மின்சாரமாகிறது, மற்றவை கடலுக்குப் போகின்றன. முழுத் திறனில் ஓடும் அத்தகைய உலையை இந்தக் கணத்தில் நிறுத்தினால், எஞ்சிய வெப்பம் சுமார் 200 மெகாவாட்டாக இருக்கும். ஒரு மணி நேரத்தில் அது 40 மெகாவாட் அளவுக்கும், ஒரு நாளில் 15 மெகாவாட் அளவுக்கும் இறங்கிவிடும். அதன் பிறகு அது குறையும் வேகம் மிகவும் மந்தமாகிவிடுகிறது. சிக்கல் அங்கேதான் இருக்கிறது. இந்த வெப்பத்தை வெளியேற்றும் வழிகளைப் பற்றியும், அந்த வழிகள் அடைபட்ட நிகழ்வுகளைப் பற்றியும் அறிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.

அனலோன் எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு நன்றி. நான் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் பிரிவில் நீண்ட காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன். நிலக்கரி அலகு டிரிப் ஆகி நிற்கும்போது நிலக்கரி அரைக்கும் மில்கள் நிற்கும், எண்ணெய் பர்னர்கள் அடைபடும், உலைக்குள் தீ அணைந்துவிடும். குழாய்களிலும் டிரம்மிலும் தேங்கிய வெப்பம் மிச்சமிருக்குமே தவிர, புதிதாக ஒரு துளி வெப்பமும் உருவாகாது. எல்லா மின்சாரமும் போய்விட்டால் இயந்திரம் கெடலாம், குழாய் வெடிக்கலாம்; எங்கள் வேலி எல்லையைத் தாண்டி யாருக்கும் கேடு வராது. அணு உலையை இயக்குகிறவர்களுக்கு இந்த வசதி கிடையாது. நிறுத்துவதோடு அவர்கள் வேலை முடிவதில்லை.

நீங்கள் சொன்ன 15 மெகாவாட்டைத் தண்ணீர்க் கணக்காக மாற்றிப் பார்ப்போம். முப்பது டிகிரி வெப்பநிலையில் உள்ள ஒரு கிலோ நீரைக் கொதிக்கவைத்து முழுவதும் நீராவியாக்க ஏறத்தாழ 2,550 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். ஆகவே 15 மெகாவாட் வெப்பம் நொடிக்கு ஆறு கிலோ நீரை ஆவியாக்கும். மணிக்கு 21 டன். நம் நகரங்களில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் மணிக்கு இரண்டு லாரி. உலகின் மிகப் பெரிய இயந்திரங்களில் ஒன்றைக் காப்பாற்ற, நிறுத்திய மறுநாளில் தேவைப்படுவது இவ்வளவுதான் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். ஆனால் அந்த நீர் தவறாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். உள்ளே அழுத்தம் கூடியிருந்தால் அதை மீறிச் செலுத்தும் பம்ப் வேண்டும். அந்தப் பம்புக்கு மின்சாரமோ டீசலோ வேண்டும். சரியான வால்வு திறந்திருக்க வேண்டும். திறந்திருக்கிறதா என்பதைக் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் அறிய முடிய வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் போதும். நீர்மட்டம் இறங்கி எரிபொருள் கோல்கள் வெளியே தெரியத் தொடங்கினால், அவற்றின் சிர்கோனியம் உறை நீராவியோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை உண்டாக்கும். ஜப்பானின் ஃபுகுஷிமாவில் உலகமே தொலைக்காட்சியில் பார்த்த வெடிப்புகள் அந்த ஹைட்ரஜனால் நேர்ந்தவை.

நெய்தல் எழுதியது:

நான் இடிந்தகரைக்கு அருகே உள்ள கடற்கரை ஊரைச் சேர்ந்தவன். 2011, 2012 ஆண்டுகளில் எங்கள் ஊர்களுக்கு வந்து பேசியவர்கள், உலை வெடிக்காது என்றார்கள், சுனாமி வந்தால் தானாக நின்றுவிடும் என்றார்கள். நின்ற பிறகு என்ன நடக்கும் என்று அனலோன் ஐயா இங்கே போட்ட கணக்கை எவரும் எங்களுக்குப் போட்டுக் காட்டவில்லை. அதை விளங்கிக்கொள்ள எங்களால் முடியாது என்று அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள் என்று தோன்றுகிறது. ஒவ்வொரு நாளும் இயந்திரத்தையும் டீசலையும் காற்றையும் கணக்குப் பார்த்துக் கடலுக்குப் போகிறவர்களுக்கு, பம்ப் நின்றால் என்ன ஆகும் என்பது புரியாத விஷயம் அன்று.

என் கேள்வி நேரானது. புயலில் மின்தடங்கள் சாய்ந்துவிடுகின்றன. அதே புயலின் அலையோ சுனாமியோ டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்துவிடுகிறது. கடல்நீர் எடுக்கும் வாயிலில் மணலோ, நாங்கள் சொறி என்று அழைக்கும் ஜெல்லி மீன்களோ அடைத்துக்கொள்கின்றன. மூன்றும் ஒரே நேரத்தில் நடந்தால் கூடங்குளத்தில் என்ன வழி? அது நடக்காது என்ற பதில் எனக்கு வேண்டாம்; நடந்தால் என்ன என்பதற்குப் பதில் வேண்டும்.

கதிரவன் எழுதியது:

நெய்தல் அண்ணன் கேட்ட கேள்வியைத்தான் வடிவமைப்பாளர்களும் கேட்டுக்கொள்ள வேண்டும். அணுசக்திப் பொறியியல் மாணவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

கூடங்குளத்தின் ஒவ்வோர் உலைக்கும் அவசரகால டீசல் ஜெனரேட்டர்கள் நான்கு உண்டு. அவை கடல்மட்டத்திலிருந்து ஒன்பது மீட்டருக்கும் மேலான உயரத்தில் அமைக்கப்பட்டுள்ளன. இருந்தாலும், அவை அனைத்தும் தோற்றுப்போகும் என்று வைத்துக்கொண்டே இன்னோர் ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது. உலையைச் சுற்றி, அதன் வெப்பத்தால் நீரை நீராவியாக்கும் நான்கு நீராவி ஆக்கிகள் உள்ளன; அவை ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு குழாய் மேலேறி, உலையை மூடியுள்ள காப்புக் கட்டடத்தின் வெளிப்புறத்தில் உயரே பொருத்தப்பட்டுள்ள காற்று வெப்பமாற்றிகளுக்குப் போகிறது. அங்கே வெளிக்காற்று பட்டு நீராவி குளிர்ந்து நீராகிறது. அந்த நீர் தன் எடையாலேயே கீழே இறங்கி நீராவி ஆக்கிக்குள் திரும்புகிறது. சூடான காற்று அதற்கென அமைந்த புகைபோக்கி போன்ற கூண்டு வழியாகத் தானாக மேலெழுந்து வெளியேறும். இதில் பம்ப் கிடையாது, மின்விசிறி கிடையாது, கடல்நீரும் தேவையில்லை. காற்றுப் பாதையின் கதவுகளை மூடிவைத்திருப்பதே மின்சாரம் என்பதால், மின்சாரம் போனால் அவை தாமாகத் திறந்துகொள்ளும். ஃபுகுஷிமாவின் பழைய கொதிநீர் உலைகளில் காற்றை மட்டும் நம்பும் இத்தகைய அமைப்பு இல்லை. ஸாப்போரீஷியாவின் உலைகள் இதே குடும்பத்தவை என்றாலும், அந்த முந்தைய வடிவமைப்பிலும் இது கிடையாது.

இதன் வரம்பையும் சொல்லியாக வேண்டும். உலையிலிருந்து நீராவி ஆக்கிக்கு வெப்பத்தைக் கொண்டுசெல்லும் முதல்நிலைச் சுற்றில் நீர் நிறைந்திருக்கும்வரைதான் இந்த அமைப்பு முழுமையாக வேலை செய்யும். அந்தச் சுற்றின் குழாயே உடைந்து நீர் வடிந்துவிட்டால், முதலில் உலைக்குள் நீர் நிரப்பியாக வேண்டும். அதற்காக அழுத்தத்தில் வைக்கப்பட்ட நீர்த்தொட்டிகள் இருக்கின்றன. அவை தாமாகக் கொட்டும் நீர் ஒரு குறிப்பிட்ட காலத்துக்கே போதும். அதற்கும் பிறகு நிலைமை கைமீறினால், உருகிய எரிபொருளை ஏந்திக்கொள்ள உலைக்கலனுக்கு அடியில் ஒரு பொறி அமைக்கப்பட்டுள்ளது. அந்தக் கட்டத்தில் அந்த உலை மின் உற்பத்திக்கு என்றென்றைக்கும் பயன்படாது. கதிரியக்கத்தைக் கட்டடத்துக்குள்ளேயே அடைத்துவைப்பது மட்டுமே நோக்கமாகிறது.

மலர்விழி எழுதியது:

வடிவமைப்பைப் பற்றிக் கதிரவன் விளக்கியது நன்று. நம் நாட்டிலேயே எல்லா மின்சாரமும் போன ஓர் இரவு உண்டு. அது மிகக் குறைவாகவே பேசப்படுகிறது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

உத்தரப் பிரதேசத்தில் கங்கைக் கரையில் உள்ள நரோரா அணுமின் நிலையத்தில், 1993 மார்ச் 31 அன்று விடியுமுன் மூன்றரை மணியளவில், முதல் உலையின் டர்பைனில் கடைசி வரிசைத் தகடுகள் இரண்டு முறிந்தன. சமநிலை குலைந்த டர்பைன் அதிர்ந்த அதிர்ச்சியில் ஜெனரேட்டரைக் குளிர்விக்கும் ஹைட்ரஜனும் மசகு எண்ணெயும் கசிந்து தீப்பற்றின. தீ மின்வடங்கள் வழியாகப் பரவியது. முதன்மை மின்வடங்களும் மாற்று மின்வடங்களும் தீத்தடுப்பு இல்லாமல் ஒரே பாதையில் சென்றதால் எல்லாம் சேர்ந்தே எரிந்தன. டீசல் ஜெனரேட்டர்கள் இருந்தும், அவற்றின் மின்சாரம் பம்புகளைச் சென்றடைய வழியில்லாமல் போயிற்று. கட்டுப்பாட்டு அறையில் புகை நிறைந்து, அங்கிருந்தவர்கள் வெளியேற நேர்ந்தது. ஏறத்தாழ 17 மணி நேரம் அந்த உலை மின்சாரமே இல்லாமல் இருந்தது.

அவர்கள் செய்த இரண்டு செயல்களை ஒவ்வொரு பொறியியல் வகுப்பிலும் சொல்லித்தர வேண்டும். உலை மீண்டும் உயிர்பெற்றுவிடக் கூடாது என்பதற்காக, சிலர் கைவிளக்கோடு இருட்டில் மேலே ஏறிச்சென்று, நியூட்ரான்களை விழுங்கும் போரான் கரைசல் உலைக்குள் இறங்குவதற்கான வால்வுகளைக் கையால் திறந்துவிட்டார்கள். மற்றவர்கள், தீயணைப்பதற்கென இருந்த டீசல் பம்புகளை இயக்கி, தீயணைப்பு நீரை நீராவி ஆக்கிகளுக்குள் செலுத்தினார்கள். உலைக்குள் இருந்த கன நீர் பம்ப் எதுவும் இல்லாமலே, சூடானது மேலேறுவதும் குளிர்ந்தது கீழிறங்குவதுமாகத் தானாகச் சுழன்று, எரிபொருளின் வெப்பத்தை அங்கே கொண்டுசேர்த்தது. எரிபொருள் உருகவில்லை, கதிரியக்கமும் வெளியேறவில்லை. அனலோன் ஐயா கணக்கிட்ட அந்தச் சிறிய அளவு நீர் கிடைத்ததே காரணம்.

அந்த வகை டர்பைன் தகடுகளில் குறை உண்டு என்ற எச்சரிக்கை விபத்துக்கு முன்பே வந்திருந்தது என்பதை, பின்னர் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் தலைவராக இருந்த கோபாலகிருஷ்ணன் எழுதியிருக்கிறார். பணியாளர்களின் துணிவை எண்ணிப் பெருமைப்படும்போது இதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

நெய்தல் எழுதியது:

நரோராவைப் பற்றி இன்றுதான் முழுமையாகப் படிக்கிறேன். இருட்டில் மேலே ஏறியவர்களை மதிக்கிறேன். ஆனால் எச்சரிக்கை வந்தும் தகடுகள் மாற்றப்படவில்லை என்றால், காற்று வெப்பமாற்றியின் கதவுகள் தாமாகத் திறக்கும் என்ற உறுதியை நான் எதைக் கொண்டு நம்புவது? அந்தக் கதவுகளை எத்தனை காலத்துக்கு ஒருமுறை சோதிக்கிறார்கள், கடற்காற்றின் உப்பில் அவை துருப்பிடிக்காமல் இருக்க என்ன செய்கிறார்கள்? எங்கள் ஊரில் இரும்புச் சன்னல் கம்பிகூடச் சில ஆண்டுகளில் அரித்துப்போகிறது. இது எதிர்ப்புக்காகக் கேட்கும் கேள்வி அன்று.

அனலோன் எழுதியது:

மிகச் சரியான கேள்வி, தம்பி. இயங்காமல் சும்மா நிற்கும் கருவிதான் தேவைப்படும் நேரத்தில் கைவிடும் என்பது எங்கள் துறையில் எல்லாரும் பட்டறிந்த உண்மை. சோதனைப் பதிவேடு இல்லாத பாதுகாப்புக் கருவியை நான் கருவியாகவே எண்ண மாட்டேன். அந்தப் பதிவேடுகளின் சுருக்கமாவது ஆண்டுதோறும் தமிழில் வெளியிடப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கடலும் உயரமும் பற்றி இரண்டு மூன்று நிகழ்வுகளைச் சேர்க்கிறேன். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி கல்பாக்கத்தைத் தாக்கியபோது, சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டாம் உலை ஓடிக்கொண்டிருந்தது. முதல் உலை பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. கடலடியிலிருந்து நீர் கொண்டுவரும் சுரங்கப்பாதை வழியாக அலை ஏறி, பம்ப் அறைக்குள் புகுந்து, கடல்நீர்ப் பம்புகளைச் செயலிழக்கச் செய்தது. உலை உடனே நிறுத்தப்பட்டது. தப்பியிருந்த அவசரகாலக் கடல்நீர்ப் பம்பும் மின்சாரமும் இருந்ததால் எஞ்சிய வெப்பம் முறையாக வெளியேற்றப்பட்டு, சில நாள்களில் உலை மீண்டும் இயங்கியது. அருகில் கட்டத் தொடங்கியிருந்த ஈனுலையின் (எரிப்பதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும் உலை) அடித்தளக் குழிக்குள் கடல் புகுந்தது. நகரியத்தில் உயிர்கள் போயின. நிலையம் தப்பியதற்கு அதன் முக்கியப் பகுதிகள் உயரத்தில் இருந்தது பெரிய காரணம்.

ஃபுகுஷிமா டாய்ச்சியில் 2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கம் வந்ததும் ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் விதிப்படி நின்றன. வெளி மின்சாரம் போயிற்று, டீசல் ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின. அதுவரை எல்லாம் சரியாகவே நடந்தது. ஐம்பது நிமிடங்களுக்குப் பிறகு, சுமார் 14 மீட்டர் உயரத்துக்கு ஏறிய அலை, கட்டடங்களின் அடித்தளத்தில் இருந்த ஜெனரேட்டர்களையும் மின்பலகைகளையும் மூழ்கடித்தது. ஆறாம் உலைக்கு உரிய ஒரே ஒரு ஜெனரேட்டர் மட்டும் தொடர்ந்து மின்சாரம் தந்தது. அது கடல்நீரை நம்பாமல் காற்றால் குளிர்வது, உயரமான இடத்தில் இருந்தது. அந்த ஒன்றிலிருந்து மின்சாரத்தைப் பகிர்ந்துகொண்டு ஐந்தாம், ஆறாம் உலைகள் காப்பாற்றப்பட்டன. முதல் மூன்று உலைகளின் எரிபொருள் உருகியது. ஒரே வளாகம், ஒரே அலை. ஓர் இயந்திரம் எங்கே வைக்கப்பட்டிருந்தது என்பது விளைவை மாற்றிவிட்டது.

நிலநடுக்க மையத்துக்கு இன்னும் நெருக்கமாக இருந்த ஓனகாவா நிலையம் தப்பியதற்கும் உயரமே காரணம். அது கட்டப்பட்ட காலத்தில் யானோசுகே ஹிராய் என்ற மூத்த பொறியாளர், பழைய சுனாமிகளின் வரலாற்றைச் சுட்டிக்காட்டி, கடல்மட்டத்திலிருந்து 14.8 மீட்டர் உயரத்தில்தான் நிலையம் அமைய வேண்டும் என்று விடாப்பிடியாக வாதிட்டார். 2011இல் அலை ஏறத்தாழ 13 மீட்டர் வந்தது. அவர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

வடசென்னையான் எழுதியது:

இடையில் ஒரு கருத்து. எண்ணூர்ப் பகுதியில் வாழும் எங்களுக்கு நிலக்கரிச் சாம்பல் அன்றாடப் பொருள். கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்து மீன்பிடிப்பு அழிந்ததை நேரில் பார்த்தவர்கள் நாங்கள். அணு உலையின் விபத்தை மட்டும் பேசிக்கொண்டிருந்தால், விபத்தே இல்லாமல் நாள்தோறும் நேரும் இந்தக் கேடு கணக்கில் வராமல் போகிறது. ஆயிரம் மெகாவாட் அனல்மின் நிலையம் நாளொன்றுக்குப் பத்தாயிரம் டன்னுக்கும் மேல் நிலக்கரி எரிக்கும். இந்திய நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் சாம்பல். கூடங்குளத்தின் ஓர் உலைக்கு ஆண்டுக்குத் தேவைப்படும் எரிபொருள் சுமார் 25 டன்தான். இந்த வேறுபாட்டையும் நினைவில் வைத்துப் பேச வேண்டுகிறேன்.

அனலோன் எழுதியது:

நீங்கள் சொல்வது முழு உண்மை. அந்தச் சாம்பலை உண்டாக்கிய தொழிலில் இருந்தவன் நான். நிலக்கரிக்கு மாற்றாக அணு மின்சாரம் வளர வேண்டும் என்பதும் என் எண்ணமே. அதனாலேயே எஞ்சிய வெப்பத்தைப் பற்றிய கேள்விகளுக்கு இன்னும் அழுத்தம் தர விரும்புகிறேன். அந்த 25 டன் உலையிலிருந்து வெளியே வந்த பிறகும் சூடாகவே இருக்கிறதே, அதைப் பற்றி யாராவது எழுதுங்கள்.

செல்வமதி எழுதியது:

சட்டம் பயில்பவள் என்ற முறையில், கூடங்குளத்தின் பயன்படுத்திய எரிபொருள் பற்றிய ஆவண வரலாற்றைச் சுருக்கமாகத் தருகிறேன். 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, பயன்படுத்திய எரிபொருள் சோவியத் நாட்டுக்கே திரும்பிச் செல்ல வேண்டும். சோவியத் ஒன்றியம் கலைந்த பின், 1998இல் திட்டத்துக்கு மறு உயிர் கொடுக்கப்பட்டபோது, எரிபொருள் இந்தியாவிலேயே இருக்கும் என்று ஏற்பாடு மாறியது. மக்களைப் பெரிதும் பாதிக்கக்கூடிய இந்த மாற்றம் அக்காலத்தில் போதிய அளவு விவாதிக்கப்படவில்லை என்பது என் கருத்து.

2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு, உலை இயங்கத் தடையில்லை என்று தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில் பதினைந்து கட்டளைகளையும் விதித்தது. உலைக்கு அப்பால் தனிச் சேமிப்பு வசதி ஒன்றை ஐந்தாண்டுகளுக்குள் அமைக்க வேண்டும் என்பது அவற்றுள் அடங்கும். போராடியவர்கள் மீதான குற்ற வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்பதும் அந்தக் கட்டளைகளில் ஒன்று. 2018இல் அணுமின் கழகம் கூடுதல் காலம் கேட்டது. நீதிமன்றம் 2022 வரை நீட்டித்தது. இந்தச் சேமிப்பு வசதிக்காக 2019 ஜூலை 10 அன்று இராதாபுரத்தில் நடப்பதாக இருந்த பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம், எதிர்ப்பு எழுந்ததால் ஒத்திவைக்கப்பட்டது.

நெய்தல் எழுதியது:

அந்தக் கூட்டத்துக்கு எங்கள் ஊரிலிருந்து பலர் கேள்விகளோடு தயாராக இருந்தோம். அணுக்கழிவை எங்கள் ஊரில் புதைக்கப் போகிறார்கள் என்று ஒரு சாரார் சொன்னார்கள், அது வெறும் தண்ணீர்த் தொட்டி என்று இன்னொரு சாரார் சொன்னார்கள். உண்மையில் உலைக்குள் இருக்கும் எரிபொருளைவிட இது ஆபத்து கூடியதா, குறைந்ததா? இதற்கும் பம்பும் மின்சாரமும் வேண்டுமா?

கதிரவன் எழுதியது:

அண்ணன், இரண்டு சொல்லும் உண்மையைச் சரியாகக் காட்டவில்லை. அங்கே புதைக்கப்படுவது எதுவும் இல்லை. ஆனால் வெறும் தண்ணீர்த் தொட்டி என்று தள்ளிவிடவும் முடியாது.

கூடங்குளத்தின் ஓர் உலையில், எரிபொருள் கோல்களைச் சேர்த்துக் கட்டிய 163 கற்றைகள் உண்டு. உலையிலிருந்து எடுத்ததும் அவை காப்புக் கட்டடத்துக்குள்ளேயே உள்ள ஆழமான குளத்தில் நீருக்கடியில் நிற்கவைக்கப்படுகின்றன. நீர் அங்கே இரண்டு வேலை செய்கிறது: வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது, கதிர்வீச்சைத் தடுத்து நிறுத்துகிறது. எடுத்த புதிதில் அந்தக் குளத்துக்குப் பம்பும் வெப்பமாற்றியும் கட்டாயம் தேவை. ஓராண்டு கழிந்த ஒரு கற்றை சில கிலோவாட் வெப்பமே தரும். ஐந்தாண்டுகளில் அது ஏறத்தாழ ஒரு கிலோவாட்டுக்கு இறங்கிவிடும். ஆகவே, தனிச் சேமிப்பு வசதிக்குப் போகும் பழைய எரிபொருளை மட்டும் எடுத்துக்கொண்டால், பம்ப் நின்றுபோனாலும் சரிசெய்யக் கிடைக்கும் அவகாசம் மணிக்கணக்கில் அல்ல, நாள்கணக்கில் இருக்கும். ஓடும் உலையைவிட அந்த வகையில் ஆபத்து குறைவு. ஆனால் அங்கே சேரும் கதிரியக்கப் பொருளின் மொத்த அளவு ஆண்டுதோறும் கூடிக்கொண்டே போகும். குளத்தின் கட்டுமானம் நிலநடுக்கத்தையும் நீர்க்கசிவையும் தாங்குவதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஃபுகுஷிமாவின் நான்காம் உலை இதற்குச் சான்று. விபத்தின்போது அதன் எரிபொருள் முழுவதும் மேல்தளத்துக் குளத்துக்கு மாற்றப்பட்டிருந்தது. 1,535 கற்றைகள் அங்கே இருந்தன. கட்டடத்தின் மேற்பகுதி ஹைட்ரஜனால் வெடித்துச் சிதறியபோது குளம் வற்றிவிட்டதோ என்று உலகம் அஞ்சியது. குளத்தில் நீர் இருந்தது. பின்னர் 2014 முடிவதற்குள் எல்லாக் கற்றைகளையும் வெளியே எடுத்துவிட்டார்கள். அதே வளாகத்தில், போதிய காலம் ஆறிய 408 கற்றைகள் காற்றால் மட்டுமே குளிரும் ஒன்பது உலோகக் கொள்கலன்களில் வைக்கப்பட்டிருந்தன. சுனாமி அந்தக் கட்டடத்துக்குள்ளும் புகுந்தது. கொள்கலன்களுக்கு எதுவும் ஆகவில்லை. அவற்றுக்குப் பம்ப் வேண்டாம், மின்சாரம் வேண்டாம்.

என் சொந்தக் கருத்து இது: சில ஆண்டுகள் ஆறிய எரிபொருளைக் குளத்தில் குவித்துக்கொண்டே போகாமல், உலர் கொள்கலன்களுக்கு மாற்றுவது மேல். நம் நாட்டுக் கொள்கை, எரிபொருளை மறுபதப்படுத்தி அதிலிருந்து புளுட்டோனியத்தைப் பிரித்தெடுப்பது என்பதால், குளத்தில் வைத்திருப்பதை இடைக்கால ஏற்பாடு என்கிறார்கள். அந்த இடைக்காலம் எத்தனை ஆண்டு என்பதை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

செல்வமதி எழுதியது:

எழுத்தில் கேட்பதற்கு வழி இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு முப்பது நாளுக்குக் குறையாமல் முன்னறிவிப்புத் தர வேண்டும். மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் வட்டார மொழியிலும் கிடைக்க வேண்டும். கூட்டத்துக்கு மாவட்ட ஆட்சியரோ அவர் சார்பில் உரிய நிலை அலுவலரோ தலைமை ஏற்க வேண்டும். நேரில் வர இயலாதவர்களும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்து மூலம் கருத்து அனுப்பலாம். கேட்கப்பட்ட கேள்விகளும் திட்டத்தார் தந்த பதில்களும் நடவடிக்கைக் குறிப்பில் பதிவாக வேண்டும் என்பதால், வாய்மொழியாகச் சொன்ன உறுதிக்கு இல்லாத வலு அந்தப் பதிவுக்கு உண்டு.

இந்த இழையில் வந்த கேள்விகளை நான் தொகுத்துவருகிறேன்: காற்றுக் கதவுகளின் சோதனை இடைவெளி, டீசல் ஜெனரேட்டர்களின் எரிபொருள் இருப்பு எத்தனை நாளுக்குப் போதும், கடல்நீர் வாயில் அடைபட்டால் மாற்று நீர் எங்கிருந்து வரும், குளத்தில் ஒரு கற்றை அதிகமாக எத்தனை ஆண்டு இருக்கும். நெய்தல் அண்ணன், உங்கள் ஊர்க்காரர்கள் 2019இல் தயாரித்துவைத்த கேள்விகளையும் இங்கே பதிந்தால் அவற்றையும் சேர்த்து மனுவாக எழுதித் தருகிறேன். அனலோன் ஐயாவும் கதிரவனும் தொழில்நுட்பச் சொற்களைச் சரிபார்த்துத் தர வேண்டுகிறேன்.

நெய்தல் எழுதியது:

கேள்விகள் எழுதிய நோட்டு எங்கள் ஊர்க் கமிட்டியிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத நாள் என்பதால் எல்லாரும் இருப்பார்கள். அன்று வாங்கி, அப்படியே தட்டச்சு செய்து இங்கே பதிகிறேன், தங்கச்சி.